இல்லச் செவிலியர்களுக்கு எட்டு நாள் பயிற்சி: ஒரு தன்னார்வ மருத்துவக் குழுவின் சேவை பற்றிய மதிப்புரை

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தில் உடல்நலப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். அதற்கு முன்பு 27 ஆண்டுகள் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். இவ்வாண்டு பொங்கலை ஒட்டி எட்டு நாளும், ஆடியில் மூன்று நாளும், ஒரு தன்னார்வ மருத்துவக் குழு எங்கள் இல்லத்துக்கு வந்து, எங்கள் செவிலியர்களுக்கும் சுற்றுவட்டாரத்து நான்கு இல்லங்களின் செவிலியர்களுக்கும் பயிற்சி அளித்தது. இத்தகைய குழுவை அழைக்கலாமா, அழைத்தால் பயன் உண்டா என்று மற்ற இல்லத்தார் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட, நிறைவாக ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. குழந்தைகளின் அடையாளம் எவ்வகையிலும் வெளிப்படக் கூடாது என்பதால், குழுவின் பெயரையும் இல்லங்களின் பெயரையும் குறிப்பிடவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைக்கலாம். அழைக்கவும் வேண்டும். ஆனால், இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையை முதலில் தூக்குபவர் யாரோ, அவருக்கும் அந்தப் பயிற்சி போய்ச் சேருமாறு ஏற்பாடு செய்துகொண்டுதான் அழைக்க வேண்டும். குழு முதலில் வந்தபோது எங்கள் இல்லத்தில் அது நடக்கவில்லை. அதன் விளைவையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

குழுவில் ஏழு பேர்: குழந்தைகள் நல மருத்துவர் இருவர், செவிலியர் நால்வர், இயன்முறை மருத்துவர் ஒருவர். மூவர் தமிழ்நாட்டவர், மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பயணச் செலவு அவர்களுடையது. சாப்பாடும் தங்குமிடமும் எங்களுடையவை. பயிற்சிக்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் பதினான்கு பேர்.

இல்லங்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு, மூன்று ஆண்டு படித்துவிட்டு வந்த செவிலியருக்குத் தெரியாததா என்று கேட்பவர்கள் உண்டு. வார்டு வேலையும் இல்ல வேலையும் ஒன்றல்ல என்பதை நானே இங்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். வார்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் பக்கத்தில் ஒரு தாய் இருப்பாள். நேற்று எப்படி இருந்தது, எத்தனை முறை வெளிக்குப் போனது, எப்போதிலிருந்து சுருண்டு கிடக்கிறது என்று கேட்டால் பதில் வரும். இல்லத்துக்கு வரும் குழந்தைக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. வளர்க்க விரும்பாத பச்சிளங்குழந்தையை, குறிப்பாகப் பெண் குழந்தையை, அரசின் தொட்டிலில் விட்டுச் செல்ல வகை செய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. அது 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அதன் பிறகு, பிறந்து சில மணி நேரமே ஆன பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்பு இப்பகுதி இல்லங்களின் அன்றாட வேலையாகிவிட்டது. வரும் குழந்தைக்கு எடை குறைவாக இருக்கும்; தொப்புள்கொடி சரியாகக் கட்டப்பட்டிருக்காது; தடுப்பூசி போட்டார்களா என்று தெரியாது. தெரியாதபோது போடவில்லை என்றே கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக்கூட எங்களில் சிலர் இந்தப் பயிற்சியில்தான் தெளிவாகக் கேட்டார்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை குறித்த பாடமும் அத்தகையது. பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் காணப்பட்டால், அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம்; பதினெட்டு மாதம் வரை அந்த ஒரு சோதனையை வைத்துக் குழந்தைக்கு நோய் இருப்பதாக முடிவு கட்டக் கூடாது; வைரஸையே நேரடியாகக் கண்டறியும் சோதனை தேவை. இதைத் தெரியாமல் ஒரு குழந்தையைத் தனியறையில் வைத்து, துணி மாற்றக்கூடத் தயங்கிய ஓர் இல்லத்தை நான் அறிவேன். அந்த இல்லத்துச் செவிலியரும் இந்த வகுப்பில் இருந்தார். வகுப்பு முடிந்த பின்னும் வெகுநேரம் எழாமல் உட்கார்ந்திருந்தார்.

பயிற்சியில் ஆகச் சிறந்த நாள் எது என்று கேட்டால், பால் புகட்டும் பாடம் நடந்த மூன்றாம் நாளைச் சொல்வேன். மருத்துவர் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. எங்கள் சமையலறை மேடையருகே நின்று, நாங்கள் வழக்கமாகப் பால் கலப்பதை அப்படியே செய்து காட்டச் சொன்னார். நாங்கள் இரவு ஒன்பது மணிக்கே பாலைக் கலந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்து, அதிகாலை வரை அதிலிருந்து புகட்டி வந்தோம். அதை மறைக்காமல் செய்து காட்டினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. பால்மாவு டப்பாவுக்குள்ளேயே கிருமி இருக்கக்கூடும் என்பதையும், வெதுவெதுப்பான பால் அது பெருகுவதற்கு எவ்வளவு தோதானது என்பதையும் விளக்கினார். பின்னர், கொதித்து இறக்கிய நீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், அதாவது 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் மாவைக் கலக்க வேண்டும், கலந்ததைக் குழாய் நீரில் காட்டி ஆற்றிப் புகட்ட வேண்டும், கலந்து இரண்டு மணி நேரம் கடந்த பாலைக் கொட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் செய்ய வைத்தார். கரண்டியில் மாவைக் குவித்து அள்ளுகிறோமா, கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்துகிறோமா என்பது வரை பார்த்தார். டப்பாவில் எழுதியுள்ளபடி முப்பது மில்லி நீருக்கு ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று நீரைக் கூட்டுவது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம் என்று அவர் சொன்னபோது, அப்படிக் கூட்டிய மாதங்கள் எங்கள் இல்லத்தில் இருந்ததை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றிரவு முதல் எங்கள் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் மட்டுமே இருக்கிறது. மாவு உலர்ந்த டப்பாவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் அப்போதைக்கு அப்போது கலக்கிறோம்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. எடை குறைந்த ஒரு குழந்தைக்கு எங்கள் மூத்த ஆயாம்மா பாலாடையில், அதாவது நீண்ட மூக்குள்ள சிறு கிண்ணத்தில், புகட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுச் செவிலியர் ஒருவர் அதைக் கையில் வாங்கி வியப்போடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்குப் பாலாடையால் புகட்டுவது வழக்கமான முறை என்றும், புட்டியின் ரப்பர்க் காம்பைப் போல அழுக்கு ஒளிந்துகொள்ளும் இடுக்கு இதில் இல்லை என்றும், கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது எளிது என்றும் குழுவின் மருத்துவர் விளக்கினார். மறுநாள் பாலாடைப் பாடத்தை ஆயாம்மாவே நடத்தினார். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி, பாலாடையின் மூக்கைக் கடைவாயோரம் வைத்து, ஒரு மடக்கை விழுங்கிய பிறகே அடுத்ததைச் சாய்க்கும் அந்தப் பொறுமையைப் பதினான்கு செவிலியர்களும் சுற்றி நின்று பார்த்தோம். வந்தவர்கள் இங்குள்ளவரிடமும் கற்றுக்கொள்ள முன்வந்த அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தக் குழுவின் மீது எனக்கு மதிப்பு கூடியது.

நாட்டு வழக்கங்கள் குறித்தும் அவர்கள் நிதானமாகவே நடந்துகொண்டார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் சொல்லும் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது, கண்ணுக்கு மை இடுவது, தொண்டையில் சிக்கியதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது, சுளுக்கு விழுந்ததாகச் சொல்லி உரம் எடுப்பது என்று ஆயாக்கள் சொன்ன அனைத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆறு மாதம் வரை பாலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது, தொக்கம் எடுப்பதாகத் தொண்டைக்குள் விரலோ குழாயோ விடுவது உயிருக்கே ஆபத்து என்று காரணத்தோடு விலக்கினார்கள். உச்சிக்குழி பள்ளமாகிவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று ஆயாக்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதைத் தள்ளிவிடாமல், உடம்பில் நீர் வற்றியதற்கான அடையாளம் அதுவே என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பாடத்தைத் தொடங்கினார்கள். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் நீர். பொட்டலம் இல்லையெனில் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் துத்தநாக மாத்திரையைப் பத்து முதல் பதினான்கு நாள் வரை விடாமல் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுச் சொன்னது மனத்தில் நிற்கிறது. இன்றும் எங்கள் ஆயாக்கள் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கரைசலைக் கலக்கிறார்கள்.

மூச்சு எண்ணும் பாடம் சிறியதுதான், ஆனால் அது ஒரு குழந்தையைக் காத்தது. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் செவிலியர் பலருக்கும் உண்டு; எனக்கும் இருந்தது. கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது என்பதால், சட்டையை விலக்கி, அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த அளவை எட்டினாலே அது வேக மூச்சு. விலாவுக்குக் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் தாமதிக்கவே கூடாது. ஐப்பசி மழையின்போது, சளி மட்டும்தான் என்று நாங்கள் நினைத்திருந்த ஏழு மாதக் குழந்தைக்கு எங்கள் இளைய செவிலியர் எண்ணிப் பார்த்து 58 என்று எழுதினார். விலாவும் உள்வாங்கியது. இரவோடு இரவாக மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். நிமோனியா. ஒன்பதாம் நாள் குழந்தை சிரித்துக்கொண்டே திரும்பியது.

இனி, இந்தக் குழு எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவற்றுள் மிக முக்கியமானது என்று நான் கருதுவதைச் சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்தில் பதினொரு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. கட்டிலில் கிடத்தினால் கிடத்திய இடத்திலேயே மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். "இந்தப் பிள்ள அழுகவே அழுகாது டாக்டரம்மா, தங்கமான பிள்ள" என்று ஆயா ஒருவர் பெருமையோடு சொன்னார். மருத்துவர் குழந்தையின் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் மல்லாந்தே கிடந்ததால் அது தட்டையாகியிருந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள்; அழுது அழுது ஆள் வராததால் அழுகையை விட்டுவிட்ட பிள்ளை இது என்று அவர் தமிழிலேயே சொன்னார். அந்த அறையில் யாருக்கும் பேச்சு எழவில்லை.

வேளாவேளைக்குப் பால், சுத்தமான துணி, தடுப்பூசி எல்லாம் இருந்தும், தன்னுடையவர் என்று ஒருவர் இல்லாத குழந்தை வளர்ச்சியில் பின்தங்கும் என்பது இன்று நேற்றுக் கண்டதல்ல. ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டனர். குடும்பத்துக்குப் போனவர்களின் வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் அந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நம் நாட்டுச் சட்டமும் இதையொட்டியே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதாயின் இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்டதாயின் நான்கு மாதத்திலும், தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழு அறிவித்துவிட வேண்டும். இல்லம் என்பது வழியில் ஒரு நிழல். அதில் குழந்தை எவ்வளவு குறைந்த காலம் தங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் அந்த மாதங்களிலும் அதற்கென்று ஒரு மடி வேண்டும்.

பயிற்சியின் ஐந்தாம் நாளிலேயே, ஒவ்வொரு குழந்தையையும் ஓர் ஆயாவின் பொறுப்பில் விட்டோம். அவர் பணியில் இருக்கும் நேரம் முழுவதும் அந்தக் குழந்தைக்குப் புகட்டுவது, குளிப்பாட்டுவது, உறங்கவைப்பது எல்லாம் அவரே. துணிச்சுருளில் புட்டியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் வழக்கத்தை அறவே நிறுத்தினோம். மேற்கூரையைப் பார்த்துக் கிடந்த அந்தக் குழந்தை பங்குனிக் கடைசியில் தன் ஆயா அறைக்குள் வந்ததும் திரும்பிப் பார்த்தது. சித்திரையில், அவர் வெளியே போனால் அழத் தொடங்கியது. அந்த அழுகையைக் கேட்க எங்கள் அனைவருக்கும் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இத்தனையும் சொல்லிக்கொடுத்த குழுவே இந்த விஷயத்தில் ஒரு பெரும் பிழையையும் செய்தது. தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், மடியில் உறங்கவைத்தார்கள், தோட்டத்தில் நடத்திக் கூட்டிச் சென்றார்கள். அன்பினால்தான் செய்தார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. எட்டாம் நாள் வேன் கிளம்பியது. அவர்களுள் ஒருவரோடு மிகவும் ஒட்டிக்கொண்ட இரண்டரை வயதுப் பெண் குழந்தை, அதன் பிறகு ஆறு நாள், காலையில் பல் விளக்கியதும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றது. ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட குழந்தை அது. நான் இதைக் குழுவுக்கு விரிவாகக் கடிதம் எழுதித் தெரிவித்தேன். அவர்கள் மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. ஆடியில் வந்தபோது, குழந்தையைத் தொட்டுக் காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் எங்கள் செவிலியரின் கைதான் தொட்டது. அவர்கள் பின்னால் நின்று சொன்னார்கள். பிற இல்லத்தார் இதை முதல் நாளே நிபந்தனையாக வைக்க வேண்டும்.

நிழற்படம் எடுப்பதும் அவ்வாறே. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது மேலே சொன்ன இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். நாங்கள் தொடக்கத்திலேயே கைபேசிகளை வாங்கி அலுவலக அலமாரியில் வைத்துவிட்டதால் சிக்கல் எழவில்லை. மருந்துச் சீட்டு எழுதும் விஷயத்தில் குழு ஒழுங்காக நடந்துகொண்டது. வெளிநாட்டு மருத்துவர் இங்கு சிகிச்சை அளிக்க வேண்டுமானால் தேசிய மருத்துவ ஆணையத்தின் அனுமதி வேண்டும். எனவே அவர்கள் கற்பிப்பதோடு நின்றார்கள். மருந்து தேவைப்பட்ட குழந்தைகளை எங்கள் வழக்கமான மருத்துவரே பார்த்தார்.

அடுத்து, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட குறை. எங்கள் இல்லத்தில் செவிலியர் மூவர், ஆயாக்கள் ஒன்பது பேர். இரவில் ஒரு செவிலியரும் மூன்று ஆயாக்களும் இருப்பார்கள். பயிற்சி காலை பத்து முதல் மாலை நான்கு வரை நடந்தது. அழைப்பு செவிலியர்களுக்கு மட்டுமே. பகல் ஆயாக்கள் வேலைக்கு இடையில் எட்டிப் பார்த்தும், பாலாடை, உச்சிக்குழி போன்ற பேச்சுகளில் கலந்துகொண்டும் ஓரளவு தெரிந்துகொண்டார்கள். இரவு ஆயாக்களோ அந்நேரம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மாசி மாதத்தில் ஒருநாள் பின்னிரவு, பால் புரையேறி ஒரு நான்கு மாதக் குழந்தைக்கு மூச்சு அடைத்தது. அருகிலிருந்த ஆயா, தன் ஊரில் பார்த்த வழக்கப்படி, குழந்தையின் இரு கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறினார். சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து ஓடிவந்த செவிலியர் குழந்தையை வாங்கி, முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் தட்டினார். ஐந்தாம் தட்டில் பால் வெளியே வந்தது, குழந்தை வீறிட்டது. ஐந்து தட்டில் வராவிட்டால் திருப்பிப் போட்டு மார்பில் ஐந்து அழுத்தம் என்பதும் அவர் பயிற்சியில் பொம்மையை வைத்துப் பலமுறை செய்து பழகியதுதான். அந்த ஆயாவை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது ஆண்டாகப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கைகள் அவருடையவை. "எனக்கு யாரும் சொல்லித் தரலையே அக்கா" என்று மறுநாள் அவர் அழுததற்கு என்னிடம் பதில் இல்லை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவள் நான்தான். அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க எனக்கும் அப்போது தோன்றவில்லை.

ஆடியில் ஆயாக்களுக்கென்று அரை நாள் ஒதுக்கினார்கள். நன்றாகவே இருந்தது, ஆனால் போதாது. பொம்மை ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை செய்து பார்க்கவே நேரம் கிடைத்தது.

மொழியும் ஒரு தடையாக இருந்தது. கொடுத்த கையேடு நாற்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். செவிலியர் படித்துக்கொள்வார்கள், ஆயாக்களுக்கு அது வெறும் தாள். எங்கள் இளைய செவிலியர் இருவர், தினசரி காலண்டரின் பழைய அட்டைகளைச் சேகரித்து, அவற்றின் பின்புறத்தில் கரைசல் அளவு, மூச்சு எண்ணிக்கை, புரையேறினால் செய்ய வேண்டியது ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிப் படமும் வரைந்து கட்டில்களுக்கு மேலே மாட்டினார்கள். கையேட்டைவிட அந்த அட்டைகளே இன்றும் பயன்படுகின்றன.

கொடுத்துச் சென்ற கருவிகளில் சிறு விரலுக்கான பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இரண்டும், கையால் அழுத்தி மூச்சுக் காற்றுச் செலுத்தும், இரண்டு அளவு முகமூடியுடன் கூடிய அம்பு பையும், மேல்கைச் சுற்றளவை அளக்கும் நாடாக்களும் அன்றாடம் கைக்கு உதவுகின்றன. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைச்சுற்று 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் நாடா சிவப்பைக் காட்டும். அது கடும் ஊட்டக்குறைவு. சளி உறிஞ்சும் இயந்திரம் மட்டும் வீணாகிவிட்டது. அதன் குழாய் வைகாசியில் கிழிந்தது. மதுரைப் பனகல் சாலையின் மருத்துவக் கருவிக் கடைகளில் ஏறி இறங்கியும் அந்த அளவுக் குழாய் கிடைக்கவில்லை. இங்கே பழுது பார்க்க முடிந்த பொருளையே, முடிந்தால் இங்கேயே வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதியையும் அவர்கள் தங்கள் விடுமுறையைப் பார்த்தே குறித்தார்கள். முதல் நாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. அந்தப் பக்கத்து இல்லத்திலிருந்து வர வேண்டிய செவிலியர்கள் இருவரும் பேருந்து கிடைக்காமல் மறுநாள்தான் வந்து சேர்ந்தார்கள்.

மதுரை மண்ணுக்குத் தொண்டு மருத்துவம் புதிதல்ல. அமெரிக்க மிஷன் என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு இங்கு 1834-இல் கால் வைத்தது. டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமம் என்ற கிராமத் தொண்டு நிறுவனத்தை உருவாக்கியபோது, கிராமத்துப் பெண்களின் கைகளையே நம்பினார். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப்புறப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி அளித்து, கண் பராமரிப்பின் பெரும்பகுதியை அவர்கள் கையில் ஒப்படைத்திருக்கிறது. அந்த அளவுகோலை எட்டு நாள் பயிற்சியின் மீது வைத்துப் பார்ப்பது முறையாகாது என்றாலும், எட்டு நாளில் சொன்னது ஆடிக்குள் பாதி நழுவிவிடும் என்பதைக் கண்கூடாகக் கண்டேன். ஆடியில் அவர்கள் மீண்டும் வந்து, எங்கள் பதிவேடுகளைப் புரட்டி, யார் எதை விட்டுவிட்டார் என்று பார்த்து, அதை மட்டும் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழு வந்து, சத்து மருந்தும் பொம்மையும் பூச்சி மாத்திரையும் கொடுத்துவிட்டு ஒரே நாளில் திரும்பியது. அவர்கள் வந்து போனதற்கு இன்று எங்களிடம் ஒரு தடயமும் இல்லை. திரும்பி வருவதாக எழுத்தில் உறுதி தராத குழுவை நான் இனி அழைக்க மாட்டேன்.

இன்னொரு சிக்கலுக்குக் குழு பொறுப்பல்ல, அதற்கு இல்லங்கள்தாம் வழி காண வேண்டும். பயிற்சி பெற்ற எங்கள் மூன்று செவிலியர்களில் ஒருவர் ஆனியில் சென்னைக்கு நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டார். அவரைத் தடுக்க எங்களுக்கு உரிமையும் இல்லை, கொடுக்கப் பணமும் இல்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, மீதமுள்ள இருவரும் ஒரு பாடத்தை எடுத்து மற்றவர்களுக்கு நடத்துகிறார்கள். பால் கலப்பதும் புரையேற்றமும் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வரும்.

வருகிற தை மாதப் பயிற்சிக்கான கடிதத்தைச் சென்ற வாரம் அனுப்பினேன். பொங்கல் வாரம் வேண்டாம், அதன் பிறகு வாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். மூன்று நாளாவது இரவு எட்டு முதல் பத்து வரை வகுப்பு நடக்க வேண்டும், பொம்மைகள் நான்கு வேண்டும், கையேட்டைத் தமிழில் நாங்களே எழுதித் தருகிறோம், அச்சிட்டுக் கொண்டுவாருங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டு பதில் வந்துவிட்டது. பங்கேற்பாளர் பட்டியலில் இம்முறை முதலில் எழுதியிருப்பது இரவுப் பணி ஆயாக்கள் மூவரின் பெயர்களை. செவிலியர்களின் பெயர்கள் அதற்குக் கீழே இருக்கின்றன.